'எல்லா பிஸ்டலுக்கும் பொருந்தும்' என்று எனக்கு விற்ற லைட்டைப் பற்றி

அனுப்புநர்: ஏற்காட்டிலிருந்து ஒரு வாடிக்கையாளர் (ஆர்டர் எண்ணும் பில்லும் இணைப்பில் உள்ளன)

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர்

பொருள்: கைத்துப்பாக்கியில் மாட்டும் லைட்டுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பதும், பெட்டியில் அச்சடித்திருக்கும் வாசகத்தை மாற்றச் சொல்வதும்

ஐயா / அம்மா, வணக்கம்.

போன மார்கழியில் உங்களிடம் 6,850 ரூபாய்க்கு ஒரு லைட் வாங்கினேன். அதைப் பற்றி மூன்று தடவை போன் பண்ணியாகிவிட்டது. முதல் தடவை பேசிய தம்பி "ரிவ்யூல போடுங்க சார்" என்றார். இரண்டாம் தடவை பாட்டு மட்டும் ஓடியது. மூன்றாம் தடவை ஒரு அம்மா, பெட்டியைப் பிரித்துவிட்டால் ரிட்டர்ன் கிடையாது என்றார். பெட்டியைப் பிரிக்காமல் அது பொருந்துகிறதா இல்லையா என்று எப்படிம்மா பார்ப்பது என்று கேட்டேன், லைன் கட்டாகிவிட்டது. அதனால் எழுத்தில் தருகிறேன். நீளமாகத்தான் இருக்கும், ஏனென்றால் மூன்று போனிலும் ஒருவர்கூட நடந்ததைக் கடைசி வரைக்கும் கேட்கவில்லை.

நான் நாகலூர் பக்கம் சின்ன காபித் தோட்டம் வைத்திருப்பவன். காபி, நடுவே சில்வர் ஓக் மரங்கள், அவற்றின்மேல் மிளகுக் கொடி. பறிப்பு நடக்கிற மாதங்களில் களத்தில் காபி காயும், வீட்டில் கூலிப் பணம் இருக்கும். திருட்டு பயம் எங்கள் அப்பா காலத்திலேயே உண்டு, அவர் லைசென்ஸ் எடுத்தார், அவருக்குப் பிறகு நான் எடுத்தேன். என்னிடம் இருப்பது இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த பழைய .32 பிஸ்டல், சின்னக் குண்டு போடுகிற கைத்துப்பாக்கி. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவதும், லைசென்ஸைப் புதுப்பிக்க மலையிறங்கி அலைவதுமாக, அது என்னிடம் இருக்கிற நாட்களைவிட அதற்காக நான் நடக்கிற நாட்கள்தான் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். அது கிடக்கட்டும்.

வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஆளிடம் சாட்டில் பேசினேன், அந்தப் பக்கங்களையும் படமெடுத்து இணைத்திருக்கிறேன். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, "எத்தனை லூமென் சார் வேணும்?" அதாவது எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று. என்ன பிஸ்டல், குழலுக்கு அடியில் லைட் மாட்டுகிற ரெயில் இருக்கிறதா, எந்த உறையில் வைக்கிறீர்கள், வீட்டுக்குள்ளா வெளியிலா, எதுவும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது அது தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். 800 லூமென் ஒன்று, 1200 லூமென் ஒன்று காட்டினார். "பெரிய நம்பரே எடுங்க சார், மலைப் பகுதிதானே" என்றார். எடுத்தேன்.

பார்சல் வந்தது. பெட்டிமேல் கொட்டை எழுத்தில் 'எல்லா பிஸ்டலுக்கும் பொருந்தும்'. உள்ளே இருந்த லைட் பிக்காட்டினி ரெயிலில் ஏறுகிற மாதிரி செய்தது. குழலுக்கு அடியில் குறுக்கே பள்ளம் பள்ளமாக வெட்டியிருப்பார்களே, அந்த ரெயில். அதை அமெரிக்க ராணுவம் 1995-இல் தரப்படுத்தியது, பள்ளத்தின் அகலம் 5.23 மில்லிமீட்டர், அதில்தான் லைட்டின் குறுக்குக் கட்டை போய் உட்கார வேண்டும். என் பிஸ்டலில் அந்த இடம் மொழுமொழுவென்று இருக்கிறது. ரெயிலும் இல்லை, பள்ளமும் இல்லை. என்னுடையது மாதிரிப் பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அவர்களுக்கும் இதே பெட்டியைத்தானே அனுப்புவீர்கள்?

சாட்டில் சொன்னதும் "அடாப்டர் அனுப்புறோம் சார்" என்றார்கள். அதற்குத் தனியாக 900 ரூபாய். வந்தது ஒரு கிளாம்ப், ட்ரிகரைச் சுற்றியிருக்கும் வளையத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற மாதிரி, உள்ளே ரப்பர் பட்டை, நான்கு ஆலன் ஸ்க்ரூ. குண்டு அடுக்கும் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, குண்டு ஏறும் அறை காலி என்று மூன்று தடவை பார்த்துவிட்டு, சமையலறை மேசையில் வைத்து மாட்டினேன். மாட்டி முடித்ததும் முதலில் கண்ணில் பட்டது சுவிட்ச் இருக்கிற இடம்தான். லைட் பின்னால் தள்ளி உட்கார்ந்துவிட்டதால், சுவிட்ச் வளையத்தின் வாயிலேயே நிற்கிறது. லைட்டைப் போட நீட்டுகிற விரலும் ட்ரிகருக்குப் போகிற விரலும் ஒன்றுதான், இரண்டுக்கும் நடுவே ஒரு அங்குலம்கூடக் கிடையாது. இருட்டில், பதட்டத்தில், குளிரில் மரத்துப்போன விரலை வைத்துக்கொண்டு அந்த ஒரு அங்குலத்தை நம்பச் சொல்கிறீர்கள். இதை வடிவமைத்தவர் ஒரு தடவையாவது கையில் பிடித்துப் பார்த்திருந்தால் விட்டிருக்கவே மாட்டார்.

ரேஞ்சில் பயிற்சிக்குப் போன அன்று சுட்டுப் பார்த்தேன். .32-க்கு உதை ரொம்பச் சின்னது, அப்படியிருந்தும் ஆறாவது ரவுண்டில் கிளாம்ப் வழுக்கி லைட் திரும்பிக்கொண்டது. நான் டார்கெட்டைப் பார்க்கிறேன், லைட் பக்கத்துச் சுவரைப் பார்க்கிறது. ஸ்க்ரூவை இன்னும் முறுக்கினால் வளையத்தின் பூச்சில் கீறல். உறை கதை தனி. லைட்டோடு சேர்த்து அது பழைய தோல் உறைக்குள் போகாது, அந்த லைட்டுக்கென்றே வெட்டிய உறை வேண்டும், அது உங்களிடமே இல்லை. துப்பாக்கியில் லைட் மாட்டுவதென்றால் உறையையும் மாற்ற வேண்டும் என்பதை விற்கும்போதே சொல்ல வேண்டாமா?

லூமெனுக்கு வருகிறேன். பெட்டியில் 1200. உள்ளே மடித்து வைத்திருந்த தாளில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில், முதல் 60 நொடிக்கு 1200, அதன் பிறகு சூடு காரணமாக 350 என்று இருக்கிறது. 90 நிமிடம் எரியும் என்பதும் அப்படித்தான். டார்ச்சுகளுக்கான எஃப்.எல்.1 அளவுமுறையில், ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரை எரிந்த நேரத்தைத்தான் எரியும் நேரம் என்று போடுவார்கள். அதாவது உங்கள் 90-ஆவது நிமிடத்தில் எனக்குக் கிடைப்பது 120 லூமென். '140 மீட்டர் தூரம்' என்பதற்கும் அந்த அளவுமுறைப்படி அர்த்தம் இதுதான்: 140 மீட்டரில் போய் விழுகிற வெளிச்சம் கால் லக்ஸ், பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவு. அந்த வெளிச்சத்தில் ஏதோ நிற்கிறது என்று தெரியும், யார் நிற்கிறார் என்று தெரியாது. லூமென் என்பது லைட்டிலிருந்து வெளியே கொட்டுகிற மொத்த வெளிச்சம், அதில் எவ்வளவு நேராகப் போய் ஒரு இடத்தில் குவிகிறது என்பதைச் சொல்வது கேண்டலா. அந்த எண்ணைப் பெட்டியில் எங்கேயும் காணோம். இதெல்லாம் நான் பின்னால் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டது. விற்கிறவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டியது.

பேட்டரி விஷயத்திலும் உங்கள் ஆள் தவறாகச் சொன்னார். இந்த லைட்டில் போடுகிற சிஆர்123ஏ பேட்டரி சேலத்தில் சில கேமரா கடைகளில்தான் கிடைக்கிறது என்றதும், "ரீசார்ஜபிள் 16340 போட்டுக்கோங்க சார், அதே சைஸ்" என்றார். சைஸ் அதேதான், வோல்ட் வேறு. சிஆர்123ஏ ஒன்று 3 வோல்ட், 16340 முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2. இரண்டு போட்டால் 6 வோல்ட்டில் ஓட வேண்டிய லைட்டுக்குள் 8.4 போகும். உங்கள் தாளிலேயே போடாதே என்று எழுதியிருக்கிறது. நல்லவேளை, அதைப் படித்தேன்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் 6,850 போனது போகட்டும் என்று அலமாரியில் போட்டிருப்பேன். எழுதுவது பொங்கலுக்கு முந்தின வாரம் நடந்ததற்காக.

ராத்திரி இரண்டரை இருக்கும். நாய் குரைத்தது, திடீரென்று நிறுத்தியது. களத்துப் பக்கம் தார்ப்பாய் இழுபடுகிற சத்தம். கரண்ட் இல்லை. கிளாம்பைத் திரும்பவும் முறுக்கி லைட்டைப் பிஸ்டலில்தான் வைத்திருந்தேன், அதை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். வெளியே பனி, மார்கழி முடிகிற நேரத்தில் இங்கே எப்படி இறங்கும் என்று மலையில் இருந்தவர்களுக்குத் தெரியும், நீட்டிய கை தெரியாது. லைட்டைப் போட்டேன். 1200 லூமெனும் அப்படியே திரும்பி என் முகத்தில் வந்து விழுந்தது. எதிரே வெள்ளைச் சுவர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற எந்த ஜீப் டிரைவரும் சொல்வார், பனியில் ஹை பீம் போட்டால் ரோடு காணாமல் போய்விடும், லைட்டைத் தாழ்த்தித்தான் ஓட்ட வேண்டும் என்று. எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் லைட் துப்பாக்கியில் இருக்கிறது, துப்பாக்கி கண்ணுக்கு நேராக நிற்கிறது, எங்கே தாழ்த்துவது என்று அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

வெள்ளைச் சுவருக்குள் ஒரு உருவம் அசைந்தது. நான் லைட்டை அதன்மேல் வைத்தேன். லைட்டை வைத்தேன் என்றால், பிஸ்டலை வைத்தேன் என்று படியுங்கள்.

"நான்தான் தம்பி, நான்தான்" என்று குரல் வந்தது.

எங்கள் தோட்டத்துக் காவல்காரப் பெரியவர். நான் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த காலத்திலிருந்து என்னைத் தம்பி என்று கூப்பிடுகிறவர். கண் கூசி ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். போர்த்தியிருந்த கம்பளியில் பனி துளித்துளியாக ஒட்டியிருந்தது. என் விரல் வளையத்துக்கு வெளியேதான் இருந்தது, ஆனால் சுவிட்சின்மேல் இருந்தது. ட்ரிகருக்கும் சுவிட்சுக்கும் உள்ள தூரத்தை மேலே எழுதியிருக்கிறேன்.

அவருடைய இன்னொரு கையில் பெட்டிக்கடையில் வாங்கின முன்னூற்றைம்பது ரூபாய் டார்ச் இருந்தது. அதை முழங்காலுக்குக் கீழே, தரையைப் பார்த்துப் பிடித்திருந்தார். "உங்க லைட்ட அணைங்க தம்பி, அது அங்கதான் நிக்குது" என்றார். அணைத்தேன். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் டார்ச் வெளிச்சம் தரையோடு தரையாகப் பனிக்கு அடியில் ஓடியது. காய்கிற காபியில் குளம்புப் பள்ளங்கள், அப்புறம், பதினைந்து அடி தள்ளி, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நான்கு கால்கள். காட்டுமாடு. அதற்குப் பின்னால் இன்னொன்று. நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் பின்வாங்கிக் கதவைச் சாத்தினோம். அரை மணி நேரத்தில் அவை தானாகவே ஓடையிறங்கிப் போய்விட்டன. .32-ஐ வைத்துக்கொண்டு காட்டுமாட்டை ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு அது. எனக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது சுடுகிற சாமான் அல்ல, பார்க்கிற சாமான்.

தப்பு என்னுடையதும்தான், மறைக்கவில்லை. எதைச் சுட மனமில்லையோ அதை நோக்கிக் குழலைத் திருப்பாதே என்பது துப்பாக்கி பிடிக்கிறவன் படிக்கிற முதல் பாடம். துப்பாக்கி லைட் என்பது யாரென்று தேடுவதற்கு அல்ல, தேடுவதற்கு இடது கையில் தனி டார்ச் வேண்டும் என்று ஒரு வரி உங்கள் தாளில் இருந்திருந்தால், அல்லது தரையில் அடித்தால் சிதறுகிற வெளிச்சமே ஆளைக் காட்டப் போதும் என்றாவது எழுதியிருந்தால், நான் அதைப் படித்திருப்பேன், பேட்டரி வரியைப் படித்தவன் இதைப் படிக்காமலா விடுவேன்? அதற்குப் பதிலாக நீங்கள் போட்டிருப்பது கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் இருட்டில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற படம். அதைப் பார்த்துத்தான் நானும் அப்படியே செய்தேன்.

இப்போது நான் கேட்பது. லைட்டுக்கு 6,850, கிளாம்புக்கு 900, மொத்தம் 7,750 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். 'எல்லா பிஸ்டலுக்கும் பொருந்தும்' என்ற வரியை எடுத்துவிட்டு, எந்த ரெயில் உள்ளவற்றுக்குப் பொருந்தும் என்று எழுதுங்கள். 60 நொடிக் கணக்கைப் பெட்டிக்கு மேலேயே போடுங்கள். அந்தக் கிளாம்பை விற்பதையே நிறுத்துங்கள், இதில் பேரம் இல்லை.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன், அதற்குப் பிறகு சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம்கூடக் கிடையாது, காபி வேலை முடிந்துவிட்டதால் எனக்கு நேரமும் இருக்கிறது.

சாமானைப் பழைய செருப்புப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன், பேட்டரியைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். எடுக்க வருகிற கூரியர்காரர் தோட்டம் வரைக்கும் ஏற மாட்டார், ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்திலேயே நிற்கச் சொல்லுங்கள், நான் வந்து கொடுத்துவிடுகிறேன். காலையில் வரச் சொல்லுங்கள், மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கினால் இங்கே போன் எடுக்காது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஏற்காடு