ஆறு வரி ஜெபமும் மருத்துவர் எழுதிய சீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத்தில் இடி விழுந்த நேரத்தில் ஒரு கிறிஸ்தவருக்குக் கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் "ஜெபம் பண்ணுங்க, விசுவாசிங்க" என்பதோடு முடிந்துவிடுகிறது. தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்திலும் இதுவேதான் வேறு வேறு சொற்களில் வருகிறது. அறிவுரையில் குறையில்லை, ஆனால் எப்படி என்பதை யாரும் சொல்வதில்லை. நீச்சல் தெரியாதவரிடம் கரையில் நின்றுகொண்டு "பயப்படாதே" என்று கத்துவது போலத்தான் இது. சபைகளில் குடும்ப ஆலோசனைப் பணியில் இருக்கிற நாங்கள், செய்முறையாகச் சிலவற்றை எழுத விரும்புகிறோம்.

முதல் வாரத்தில் முழு இரவு ஜெபம் வேண்டாம். செய்தி வந்த அன்றே வீட்டில் ஆட்களைக் கூட்டி விடிய விடிய ஜெபிப்பதை பக்தி என்று நினைக்கிறோம். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்கிறான். வந்த தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி தூங்குகிறான். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கர்த்தருடைய கேள்வியே வருகிறது. அந்த வரிசையை மாற்றக் கூடாது. இரண்டு இரவு தூங்காத மனிதர் எடுக்கும் முடிவை "கர்த்தர் உணர்த்தினார்" என்று சொல்லத் தொடங்கினால் பிறகு யாராலும் திருத்த முடியாது. வீட்டில் இருமுனை மனநோய் (அளவு மீறிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர் இருந்தால் இன்னும் கவனம் தேவை. தூக்கம் கெடுவதே அவருக்கு நோயைக் கிளப்பிவிடும்.

அடுத்தது, வார்த்தை வராத நேரத்து ஜெபம். இதற்கு வேதத்திலேயே அச்சு இருக்கிறது. 13-ஆம் சங்கீதத்தில் மொத்தம் ஆறு வசனங்கள்தான். முதல் இரண்டில் முறையீடு; "எதுவரைக்கும்" என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். நடு இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில் நம்பிக்கை. ஒரு தாளில் இதே அளவில் ஆறு வரி கையால் எழுத வேண்டும். முதல் இரண்டு வரியில் நடந்ததை நடந்தபடி, ஆள் பெயரோடு எழுதலாம். கோபம் இருந்தால் கோபத்தோடேயே எழுதலாம். நடு இரண்டு வரி கைக்கு எட்டும் அளவில் இருக்க வேண்டும். "எங்கள் குடும்பத்தை ஆசீர்வதியும்" என்பது அங்கே உதவாது. "நாளைக் காலைப் பேச்சில் நான் குரலை உயர்த்தாமல் இருக்க வேண்டும்", "கடன் எவ்வளவு என்று அவர் முழுசாகச் சொல்ல வேண்டும்" என்ற அளவுக்கு இறங்க வேண்டும். அந்தச் சங்கீதத்தில் தாவீது கேட்டதும் அப்படித்தான், "என் கண்களைத் தெளிவாக்கும்" என்று.

இது இரண்டு விதமாகக் கெடும். சிலர் முதல் நான்கு வரியைத் தாண்டிக் குதித்து நேரே துதிக்கு வந்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து, அடக்கி வைத்ததெல்லாம் பிள்ளைகள் மேல் எரிச்சலாக வெளியே வரும். வேறு சிலர் முதல் இரண்டு வரியிலேயே குடியிருப்பார்கள். அவர்கள் ஜெபத்தில் தினமும் ஒரே வழக்குதான் வாதாடப்படும். தாளில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்: நேற்றைய தாளை இன்று பார்த்தால் எந்த வரியில் நின்றுவிட்டோம் என்பது தெரிந்துவிடும். கடைசி இரண்டு வரி வரவே இல்லையென்றால் பொய்யாக எழுத வேண்டாம். 88-ஆம் சங்கீதத்தின் 18 வசனங்களிலும் துதியான முடிவு கிடையாது. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. அதுவும் வேதத்துக்குள்தான் இருக்கிறது.

குடும்ப ஜெபத்தைப் பற்றி ஒன்று. சண்டை நடக்கும் வீட்டில் அது சீக்கிரமே மேடையாகிவிடும். "ஆண்டவரே, இவருக்கு நல்ல புத்தியைத் தாரும், பொய் பேசுகிற நாவை மாற்றும்" என்று மனைவி கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார். கணவர் கண்ணைத் திறந்து மேலே சுவரைப் பார்க்கிறார். மேலுறையில் கர்த்தருடைய முகவரி, உள்ளே இருப்பதோ கணவருக்கு எழுதிய கடிதம். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஆமென் சொல்லாமல் எழுந்து போகிறது. நெருக்கடிக் காலம் முடியும்வரை மூன்று விதி போதும். பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. சத்தமாகச் சொல்வது அவரவர் சொந்தத் தேவையாக மட்டும் இருக்க வேண்டும். பிள்ளைகள் "நான் இன்று சொல்லவில்லை" என்று விலகிக்கொள்ளலாம். மற்றவருடைய மனமாற்றத்துக்கான ஜெபத்துக்குக் கதவை மூடிய அறை இருக்கிறது.

ஜெபக் குறிப்பு கொடுப்பதும் ஒரு கலை. "எங்கள் சகோதரியின் குடும்பத்தில் பெரிய பிரச்சினை, பெயர் வேண்டாம்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பெயரைக் கண்டுபிடிப்பதுதான் அன்றைய முதல் வேலையாகிவிடும். சம்பந்தப்பட்டவர் அனுமதி தந்த அளவு மட்டுமே எழுத வேண்டும். குழுவுக்குப் பதிலாக வாயை மூடத் தெரிந்த மூன்று பேரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அவர்களிடம் ஜெபத்தோடு ஒரு வேலையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: வியாழக்கிழமை மாலை பிள்ளையை வகுப்பிலிருந்து அழைத்து வருவது, வக்கீலிடம் போகும்போது கூட உட்கார்ந்து குறிப்பெடுப்பது. யாக்கோபு 2:15, 16 சொல்வது இதைத்தான்.

வாக்குத்தத்த வசனங்களையும் முன்பின் பார்த்து எடுக்க வேண்டும். நோய்ப்படுக்கைக்கும் விவாகரத்துக்கும் எரேமியா 29:11 அனுப்பாதவர் இல்லை. பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில், நல்ல முடிவைத் தருவேன் என்று கர்த்தர் சொல்லும் வசனம் அது. அதற்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் என்கிறது. ஐந்தாம் வசனம் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறது. சிறையிருப்பு சீக்கிரம் முடியாது, அங்கேயே குடித்தனத்தை நடத்துங்கள் என்பதுதான் அந்தக் கடிதத்தின் செய்தி. அடுத்த மாதமே எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு அதை அத்தாட்சியாகக் கொடுத்தால், அடுத்த மாதம் கர்த்தர் பொய்யராகிவிடுவார்.

நாங்கள் மிகவும் கவலைப்படுகிற விஷயம் மருந்து. தினமும் அதிகமாகக் குடிக்கிற ஒருவர் மனம் கசந்து, "இன்றோடு விட்டேன்" என்று மூன்று நாள் உபவாச ஜெபத்தில் உட்காருகிறார். குடும்பமே ஆனந்தக் கண்ணீர் விடுகிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் குழம்பும், இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியும், சத்தம் போடுவார். சுற்றி இருப்பவர்கள் அதைப் பிசாசின் போராட்டம் என்று எண்ணி இன்னும் உரக்க ஜெபிப்பார்கள். அது திடீரென்று மது நின்றதால் மூளைக்கு ஏற்படும் நிலை. உயிரைப் பறிக்கக் கூடியது. மருத்துவமனையில் டயஸிபாம் போன்ற மருந்தைக் கொடுத்துச் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்னும் பி1 வைட்டமினும் ஏற்றுவார்கள். குடியை விடும் தீர்மானத்தைச் சபையில் எடுக்கலாம். முதல் வாரத்தை மருத்துவரிடம்தான் கழிக்க வேண்டும்.

சாதாரண உபவாசத்துக்கும் கணக்கு உண்டு. இன்சுலின் போடுகிறவரும், கிளிமெபிரைடு வகை மாத்திரை எடுக்கிறவரும் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். இருமுனை மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவர் தண்ணீர் குடிக்காவிட்டால் இரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகலாம். இவர்கள் சாப்பாட்டுக்குப் பதிலாகத் தொலைக்காட்சியையோ கைபேசியையோ விட்டு உபவாசம் இருக்கட்டும். மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் காட்ட இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். அதற்குள் எட்டு ஜெபக் கூட்டம் நடந்திருக்கும். ஆறாம் வாரம் முகம் தெளிந்ததும் "இனி மாத்திரை எதற்கு, சுகம் கிடைத்துவிட்டதே" என்று நிறுத்திவிடுகிறார்கள். சில நாட்களில் தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு. சில மாதங்களில் சோர்வே திரும்பி வரும். அப்போது "பின்வாங்கிப்போனார்" என்ற பழியும் சேரும். நோயில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுப்பதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின் மேல் பற்றுப்போட வைத்தான் (2 இராஜாக்கள் 20:7). வாக்கும் வந்தது, பற்றும் போடப்பட்டது.

உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் வசனம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. "தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறீர்களா, எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியே விடாமல், கைக்கு எட்டும் மருந்தையும் பூச்சிக்கொல்லியையும் அப்புறப்படுத்திவிட்டு, அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

மனந்திரும்பிய ஆளைப் பற்றி. அவர் வீட்டுக்குச் செய்ய வேண்டிய முதல் வேலை கணக்குக் கொடுப்பது. அபகரித்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம் 6:5. இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவனான சகேயுவோ ஆடு திருடினவனுக்குரிய நாலத்தனையை, அதாவது நான்கு மடங்கை (யாத்திராகமம் 22:1), தானாகவே தன் தலையில் போட்டுக்கொண்டான். ஒரு தாளில் யாருக்கு, என்ன, எவ்வளவு, எப்போது என்று நான்கு பத்தி போட்டு நிரப்ப வேண்டும். கடனோ வேறு தொடர்போ, மனைவியிடம் அல்லது கணவரிடம் முழுவதையும் ஒரே தடவையில் சொல்லிவிட வேண்டும். தவணை முறையில் உண்மை சொல்கிறவர்தான் குடும்பத்தை அதிகம் உடைக்கிறார். முதல் தடவை அழுதவர் இரண்டாம் தடவை சந்தேகப்படுவார், மூன்றாம் தடவை பெட்டியைக் கட்டுவார். அதற்காகப் படுக்கையறை விவரம் வரை போக வேண்டியதில்லை. எவ்வளவு காலம், எவ்வளவு பணம், மருத்துவப் பரிசோதனை செய்தாயிற்றா என்பவை கட்டாயம். 1935-இல் தொடங்கிய, குடியிலிருந்து மீள விரும்புவோர் ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் ஒன்பதாம் படி, சரிக்கட்டுவதே யாருக்காவது தீங்காகும் என்றால் அங்கே நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. மூன்றாம் குடும்பத்தின் கதவைத் தட்டப் போகிறவர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும்.

விட்ட பழக்கம் எந்த மணி நேரத்தில் இருந்ததோ அந்த மணி நேரம்தான் மத்தேயு 12:44 சொல்கிற, விட்டுப்போன அசுத்த ஆவி திரும்பி வந்து பார்க்கிற, பெருக்கி வைத்த காலி வீடு. மாலை ஏழிலிருந்து பத்து வரை குடித்தவருக்கு அதிகாலை ஜெபம் மட்டும் போதாது. அந்த மூன்று மணி நேரத்துக்கு ஆளும் வேலையும் வேண்டும்.

சாட்சி சொல்லும் ஆசையைப் போதகர்கள்தான் அடக்க வேண்டும். ஆறு வாரம் குடிக்காதவரை மேடையேற்றுகிறோம். அவர் கீழே இறங்கும்போது அவருக்குச் சறுக்கும் உரிமையே போய்விடுகிறது. சறுக்கினால் மறைப்பார். நூதன சீஷனைப் பொறுப்பில் வைக்காதே என்று 1 தீமோத்தேயு 3:6-இல் பவுல் எழுதியது சும்மா இல்லை. அவரே மனம் மாறி மூன்று வருஷம் கழித்து எருசலேமுக்கு வந்தபோதும் சீஷர்கள் நம்பாமல் பயந்தார்கள்; பர்னபா கூட நின்று பேச வேண்டியிருந்தது. அப்போஸ்தலருக்கே அப்படியென்றால், பதினைந்து வருஷம் ஏமாந்த மனைவி மூன்று மாதத்தில் நம்பவில்லை என்று கடிந்துகொள்வது எந்த நியாயம்? குறைந்தது ஒரு வருஷம் போகட்டும். அப்போதும் என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை வீட்டில் உள்ளவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

அடி வாங்குகிறவரிடம் "மன்னித்துவிட்டுத் திரும்பிப் போங்கள்" என்று சொல்வதற்கு முன் 1 சாமுவேல் 26-ஐ வாசிக்க வேண்டும். தன்னைக் கொல்லத் துரத்திய சவுல் ராஜாவைத் தாவீது கொல்லாமல் விட்டான்; அவன் ஈட்டியை மட்டும் எடுத்துக்கொண்டான். "என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா, இனி உனக்குப் பொல்லாப்புச் செய்யமாட்டேன்" என்று சவுல் அழைக்கிறான். தாவீது ஈட்டியைத் திருப்பிக் கொடுக்கிறான், அதை எடுத்துப் போகச் சவுல் பக்கத்திலிருந்து ஒரு வாலிபனை வரச் சொல்கிறான்; தான் தன் வழியே போய்விடுகிறான். மன்னித்தான், அந்த வீட்டுக்குப் போகவில்லை. திரும்புவதற்கு முன் கேட்க வேண்டியவை எளியவை: எத்தனை மாதமாகக் கை நீட்டவில்லை, சிகிச்சைக்கோ ஆலோசனைக்கோ தொடர்ந்து போகிறாரா, பணமும் கைபேசியும் அடையாள அட்டைகளும் யார் கையில் இருக்கின்றன, மறுபடி நடந்தால் அன்று இரவு எங்கே போவது.

தங்கள் ஆன்மிகப் பக்கத்தில் சுகம் பெற்றவர்களின் சாட்சிகளை வெளியிடும்போது, அவர் சிகிச்சையில் இருந்தாரா, மருந்தை மருத்துவர் சொல்லி நிறுத்தினாரா என்ற ஒரு வரியையும் கேட்டு வாங்கிச் சேர்க்கும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சபைக் குடும்ப ஆலோசனைப் பணியில் உள்ளோர்