கூடப் பயிற்சி எடுத்தவர்களைச் சந்திக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதம் வந்துவிட்டால் நம் குமரி மாவட்டத்தில் ஏதாவது ஒரு சபையில் மிஷனெரி கூடுகை நடந்துகொண்டே இருக்கும். வடக்கிலிருந்து லீவுக்கு வந்தவர்களை மேடையேற்றி, சால்வை போட்டு, எத்தனை கிராமம், எத்தனை குடும்பம் என்றெல்லாம் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் உங்களோடு பயிற்சி எடுத்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்போதைய பீகாரில், இப்போது ஜார்க்கண்ட் என்கிறார்களே அந்தப் பக்கம், பல வருஷம் ஊழியம் செய்துவிட்டு கருங்கல் பக்கத்தில் ஓய்வாக இருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலம் என்றால் வேதபாடமும் இந்தி எழுத்துகளும் மட்டும்தான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள், சமையல், துணி துவைப்பது, கிராமத்துக்கு நடந்து போவது எல்லாம் அந்த ஜோடிதான். எனக்கு வாய்த்தவர் ராமநாதபுரத்துக்காரர், என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சப்பாத்தி மாவு பிசைவதில் இருந்து உப்பு எவ்வளவு என்பது வரை எங்களுக்குள் சண்டை. ஒருநாள் ராத்திரி பேசாமலே படுத்துவிட்டோம், விளக்கை அணைத்த பிறகு அவர் இருட்டிலேயே, "தம்பி, ஜெபம் பண்ணாம எப்படித் தூங்குறது?" என்றார். எழுந்து உட்கார்ந்து ஜெபித்தோம். சண்டைக்காரனோடு முழங்கால் போடுவது எப்படி என்று எந்த வகுப்பிலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்கிறேன். நம் மாவட்டத்தில் ஒரே திருச்சபையில் இருந்துகொண்டே இன்னின்னார் வீட்டில் கை நனைக்கமாட்டோம் என்றிருந்த காலம் அது. பயிற்சியில் ஒரே தட்டில் சாப்பிட்டோம், ஒரே போர்வையைப் பங்கு போட்டோம். லீவில் அந்த அண்ணனை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது அம்மா மரச்சீனியும் சாளைக் குழம்பும் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். சொந்தக்காரர் சிலர் முகம் சுளித்தார்கள். அம்மா கண்டுகொள்ளவே இல்லை.

அப்புறம் ஆளுக்கொரு திசை. இன்லண்ட் கடிதம் போகும், வரும், மழைக்காலத்தில் அதுவும் வராது. அப்பா இறந்த செய்தி என் பணித்தளத்துக்கு வந்து சேர்ந்தபோதே ஒருநாள் கழிந்திருந்தது, ரயிலேறி ஊர் வந்து சேர இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நேரம் லீவில் இருந்த அண்ணன் கேள்விப்பட்டு, ராத்திரி பஸ் ஏறிக் கருங்கல் வந்து, அடக்க ஆராதனையில் அம்மா பக்கத்திலேயே நின்று, மகன் பிடிக்கவேண்டிய இடத்தில் பெட்டியைத் தோளில் தூக்கிக் கல்லறைத் தோட்டம் வரை நடந்திருக்கிறார். அம்மா கடைசிவரை அவரை "மூத்தவன்" என்றுதான் சொன்னார்.

சரி, நம் மண்ணின் சரித்திரத்தையே பாருங்கள். ஜெர்மன்காரரான ரிங்கல்தௌபே என்ற மிஷனெரி 1804-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது தனியாள் இல்லை, கிரான், டெ கிராஞ்சஸ் என்ற இருவரும் அதே லண்டன் மிஷனரி சங்கத்தால் கூடவே அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் விசாகப்பட்டினத்துக்குப் போனார்கள், இவர் 1806-ல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். மயிலாடியில் வேதமாணிக்கம் என்ற நம்மூர்க்காரரின் துணை மட்டும் இல்லாதிருந்தால் அந்த மனுஷனின் தனிமை எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1816-ல் உடல்நலம் கெட்டு ஊரைவிட்டுப் போனபோது வேலையை அந்த வேதமாணிக்கத்தின் கையில்தான் ஒப்படைத்துவிட்டுப் போனார். பக்கத்து நெல்லைச்சீமையில் பிறந்து பின்னாளில் பிஷப் ஆன அசரியா, 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்து, எல்லாம் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டதும் எல்லோரும் அறிந்ததுதான்.

இப்போது கைப்பேசி இருக்கிறதே, குரூப்பில் பேசிக்கொள்ளலாமே என்பார்கள். பேசுகிறார்கள்தான். ஆனால் பிள்ளைகளைத் தெற்கே ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த இளம் தம்பதி, மொழி பிடிபடாமல் தவிக்கிறவர்கள், ஊழியத்தையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறவர்கள் அதையெல்லாம் குரூப்பில் எழுதமாட்டார்கள். மேலதிகாரியிடமும் சொல்லமாட்டார்கள். கூடச் சமைத்துச் சாப்பிட்டவனிடம் நேரில் உட்கார்ந்தால் தானாக வரும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அசாமில் இருக்கிறார், அவருடைய பயிற்சித் தோழன் குஜராத்தில். கன்னியாகுமரிக்கும் திப்ருகருக்கும் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் 4000 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, அவ்வளவு தூரம் பயணம் செய்து அவர் லீவுக்கு ஊர் வரும்போது இவருக்கு லீவு முடிந்துவிடுகிறது. வருஷக்கணக்கில் இப்படியே நடக்கிறது.

மிஷனெரி சங்கங்களை நான் கேட்பது இதுதான். ஒரே வருஷம் பயிற்சி முடித்தவர்களுக்கு லீவில் ஒரு வாரமாவது ஒன்றுபோல அமையும்படி போடுங்கள். அந்த வாரத்தில் கூட்டம், அறிக்கை எதுவும் வேண்டாம், அவர்களைச் சும்மா விடுங்கள். சபைகள் சால்வைக்கும் மேடைக்கும் செலவழிப்பதில் ஒரு பகுதியை அந்தப் பயணச் செலவுக்குத் தரட்டும். தங்குவதற்கு இடம் பற்றிக் கவலை வேண்டாம், கருங்கல், மார்த்தாண்டம், நெய்யூர் பக்கம் ஓய்வுபெற்ற ஊழியர்கள் பலர் இருக்கிறோம், எங்கள் வீடுகளைத் திறந்துவிடுகிறோம். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மிஷனெரி ஒருவர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்