ஐந்து பேருக்கும் ஒரே மாத்திரையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் மருத்துவப் பக்கத்தில் சொறி சிரங்கு பற்றி எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி, ஆனால் ஐவர்மெக்டின் மாத்திரையைப் பற்றி ‘மருத்துவர் ஆலோசனையுடன் எடுக்கலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அந்த ஒரு வரிக்குள் எங்கள் வீட்டில் ஒரு மாதக் கூத்து நடந்தது.

பெரியவன் பொங்கல் லீவுக்கு ஹாஸ்டலில் இருந்து வந்தபோதே விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பொடிப்பொடியாகக் கொப்புளம். மூன்று வாரத்தில் ராத்திரியானால் வீடே உட்கார்ந்து சொறிகிறது. என் வீட்டுக்காரர் மருந்துக் கடையில் விஷயத்தைச் சொல்ல, சீட்டு கூடக் கேட்காமல் அட்டையில் இருந்து 12 மில்லிகிராம் மாத்திரை ஐந்தை வெட்டிக் கவரில் போட்டு, “ஆளுக்கு ஒண்ணு, சரியாயிடும்” என்று கொடுத்துவிட்டார்கள். ஆள் என்றால் யார்? நாலு வயசுக் குழந்தையும் ஆள்தான், இதய வால்வு ஆபரேஷன் ஆகி, ரத்தம் உறையாமல் இருக்க தினமும் வார்பரின் மாத்திரை போடும் என் மாமியாரும் ஆள்தான்.

எனக்கு மனசு கேட்காமல் எல்லோரையும் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் முதலில் செய்த காரியம், ஒவ்வொருவரையும் எடை மெஷினில் ஏற்றியதுதான். இந்த மருந்து கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கணக்காம். 72 கிலோ இருக்கும் என் வீட்டுக்காரருக்கு 15 மில்லிகிராம் வேண்டும், 42 கிலோ பையனுக்கு 9 போதும். சின்னவள் 14 கிலோ; 15 கிலோவுக்குக் கீழே மாத்திரையே வேண்டாம், பெர்மெத்ரின் க்ரீம் தடவுங்கள் என்றார். வார்பரினோடு இதைச் சேர்த்தால் ரத்தம் உறைவதில் மாற்றம் வரலாம் என்பதால் அத்தைக்கும் க்ரீம்தான். ஆக, கடைக்காரர் சொன்ன கணக்கு பொருந்தியது ஐந்து பேரில் எனக்கு ஒருத்திக்குத்தான்!

அப்புறம், வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடச் சொன்னார். நெய்யும் எண்ணெயுமாகச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் மருந்து ரத்தத்தில் கூடுதலாக ஏறிவிடுமாம். இந்த மாத்திரை சிரங்குப் பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் முட்டை பொரிந்து வருவதைப் பிடிக்க ஒரு வாரம் கழித்து இரண்டாவது வேளை. அந்தத் தேதியை நான் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன், இல்லாவிட்டால் மறந்திருப்போம்.

இன்னொன்றை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம், சிலருக்கு அதற்கு மேலும், அரிப்பு இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து எங்கள் தெருவில் ஒருவர் தானாகவே மூன்றாவது, நான்காவது என்று போட்டுக்கொண்டே இருந்தார். மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசி மருந்து வீட்டில் இருக்கிறதே, அதைத் தடவலாமா என்று கேட்டவரும் உண்டு. 2015-ல் நோபல் பரிசு வாங்கித் தந்த மருந்து, அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கர்ப்பமா, பால் கொடுக்கிறாயா, வேறு என்ன மாத்திரை போடுகிறாய் என்று ஒரு கேள்வி கேட்காமல் நீட்டுகிறார்களே, அதுதான் எரிச்சல்.

அந்த ஐந்து மாத்திரையையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெட்டிய அட்டையை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

– ஒரு வாசகி, திருவாரூர்