சரக்கு இறங்கிய நாளிலிருந்து கணக்கு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாரித் தொழில் பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் செய்திகளை விடாமல் படிக்கிறவள் நான். டீசல் விலை, சுங்கக் கட்டணம், வேலைநிறுத்தம், திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் 2022 மே மாதம் அடிக்கல் நாட்டிய சரக்குப் பூங்கா என்று எல்லாம் வருகின்றன. அவற்றில் வண்டி வைத்திருப்பவர் பேசுகிறார், மந்திரி பேசுகிறார், சில சமயம் டிரைவரும் பேசுகிறார். சொந்தமாக வண்டியும் இல்லாமல் சரக்கும் இல்லாமல், இரண்டையும் சேர்த்துவைத்துப் பிழைக்கிறவர்கள் மட்டும் எங்கும் வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஓயாமல் அடிக்கும் மூன்று ஃபோன். மில்காரர்களிடமும் டிரைவர்களிடமும் பேசுவது மாமனாரும் என் வீட்டுக்காரரும். எல்ஆர் என்கிற லாரி ரசீது எழுதுவது, பில் போடுவது, பாக்கிக்கு நச்சரிப்பது என் வேலை. ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும்தான் எங்களுக்குப் பிரதான லோடு. இந்தூர், நாக்பூர், அகமதாபாத் பக்கம் போகும். நவராத்திரி விரதத்துக்கு முன்னால் வடக்கே இருந்து ஆர்டர் குவியும். அந்த நாட்களில் வண்டி கிடைப்பதே பெரிய பாடு. திரும்பும்போது நாசிக் வெங்காயமோ, மத்தியப் பிரதேசப் பூண்டோ, மோர்பி டைல்ஸோ கிடைத்தால் வண்டிக்காரர் பிழைப்பார்.

ஒரு லோடு கிளம்ப எத்தனை பேர் கை வைக்க வேண்டும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மூட்டை ஏற்றும் லோடுமேன், எடை மேடைக்காரர், தார்ப்பாயும் கயிறும் விற்பவர், பஞ்சர் ஒட்டுபவர், டயர் ரீட்ரேடிங் கடை, ஸ்பிரிங் பட்டை வேலை செய்கிற பட்டறை, எஃப்சி என்கிற வண்டித் தகுதிச் சான்றுக்கும் இன்சூரன்ஸுக்கும் அலைகிற ஏஜென்ட், ராத்திரி பதினோரு மணிக்கும் இட்லி போடுகிற மெஸ் அக்கா. ஜவ்வரிசி நனைந்தால் அவ்வளவுதான் என்பதால் ஐப்பசியில் தார்ப்பாய் இரண்டு போட்டுக் கட்டச் சொல்வோம். அந்த ஒரு மழைச் சீசனில்தான் தார்ப்பாய்க் கடைக்காரர் வருஷத்துக்கான காசைப் பார்க்கிறார். அரசாங்கத்தின் தொழில் வகைப்பாட்டில் எங்களுக்கு 5229 என்று ஒரு எண் உண்டு. இதரப் போக்குவரத்துத் துணைப் பணிகள் என்று அர்த்தம். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவின்போது அதைத்தான் போட்டேன். சரி, இதரமாகவே இருந்துவிட்டுப் போகிறோம். என் பிரச்சினை பணம்.

பணம் எப்படிப் போகிறது, எப்படி வருகிறது என்று சொல்கிறேன். சேலத்திலிருந்து இந்தூர் சுமார் 1,600 கிலோமீட்டர். ஒரு லோடுக்கு வாடகை 80,000 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். லோடு ஏறியதும் வண்டிக்காரருக்கு எண்பது சதவீதம், அதாவது 64,000 ரூபாய், அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். டீசலுக்கும் டோலுக்கும் டிரைவர் பேட்டாவுக்கும் ஏற்றுக்கூலிக்கும் அதிலிருந்துதான் போகும். அட்வான்ஸ் இல்லாமல் வண்டி நகராது, நகரவும் முடியாது. அதைக் கொடுப்பது சரக்கு அனுப்பும் கம்பெனி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நாங்கள். கம்பெனி எங்களுக்குக் கொடுப்பது அறுபது, தொண்ணூறு நாள் கழித்து. இந்த லோடில் எங்களுக்குக் கமிஷன் என்று நிற்பது இரண்டாயிரம், மிஞ்சினால் மூவாயிரம்.

இப்போது வட்டியைப் போட்டுப் பாருங்கள். வங்கி ஓவர்டிராஃப்ட் தீர்ந்த பிறகு வெளியில் வாங்குவது நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு. 64,000 ரூபாய்க்கு மூன்று மாதத்துக்கு 3,840 ரூபாய். கமிஷன் மூவாயிரம், வட்டி 3,840! அப்படியானால் ஏன் தொழில் செய்கிறீர்கள் என்று கேட்பீர்கள். எல்லா லோடும் இப்படி இல்லை. சின்ன மில்காரர்கள் பத்து நாளில் கொடுத்துவிடுகிறார்கள், வியாபாரிகள் சிலர் கையோடு கொடுக்கிறார்கள். பெரிய பெயர் உள்ளவர்கள்தான் இழுக்கிறார்கள். சிறியவர்களிடம் சம்பாதித்துப் பெரியவர்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த இழுவை எங்களோடு நிற்பதில்லை. வண்டிக்காரருக்குப் பாக்கி இருபது சதவீதம் எங்களிடம் இருக்கும். அதைக் காட்டித்தான் அவர் டயர் கடையில் கடன் சொல்லியிருப்பார். டயர் கடைக்காரர் எங்களுக்கு ஃபோன் செய்து, "அந்த வண்டி பில் வந்துச்சாம்மா?" என்பார். பட்டறைக்காரரும் கேட்பார். மெஸ் அக்கா மட்டும் கேட்பதில்லை, முகத்தைப் பார்ப்பார். இந்தத் தெருவே ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் யாரோ ஒருவர் ஒரு பட்டனை அழுத்துவதற்காகக் காத்திருக்கிறது.

தாமதத்துக்குச் சொல்லும் காரணம்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. அது பிஓடி. சரக்கு இறக்கியதும் எல்ஆர் நகலில் வாங்குபவர் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தாள். பெரும்பாலான கம்பெனிகளில் அதன் ஒரிஜினல் கைக்கு வந்த நாளிலிருந்துதான் பில்லையே ஏற்பார்கள், நாட்களையே எண்ண ஆரம்பிப்பார்கள். இந்தூரில் இறக்கிய டிரைவர் நேராகச் சேலம் வருவதில்லை. லோடு பார்த்து நாசிக் போவார், அங்கிருந்து விஜயவாடா போவார், பிறகுதான் ஊர். நடுவில் கூரியரில் போடச் சொன்னால் அது ஒரு வாரம். ஆக, ஒப்பந்தத்தில் அறுபது நாள் என்றால் உண்மையில் எண்பது, தொண்ணூறு.

இதே லாரி ஓடும்போது எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் தெரியுமா? 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு என்றால் இ-வே பில் என்கிற அரசு மின்னணுச் சீட்டு வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் 1,600 கிலோமீட்டருக்கு எட்டு நாள்தான் அது செல்லும். வழியில் ஆக்சில் உடைந்தாலும் சரி, மழையில் பாலம் மூழ்கினாலும் சரி, காலாவதி ஆவதற்கு முன்னும் பின்னும் எட்டெட்டு மணி நேரத்துக்குள் நீட்டிப்பு வாங்க வேண்டும். தவறினால் வண்டியை நிறுத்தி அபராதம் கேட்பார்கள். அரசாங்கம் மணிக்கணக்கில் பார்க்கிறது. கம்பெனியும் சளைத்ததில்லை. டிரைவரின் சிம்மை வைத்து வண்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே, அரை மணி நேரம் நகரவில்லை என்றால் நடுராத்திரியில் எங்களைக் கூப்பிடுவார்கள். பாவம், டிரைவர் சோறு தின்றுகொண்டிருப்பார். எந்த டோல்கேட்டை எத்தனை மணிக்குக் கடந்தது என்று ஃபாஸ்டேக் சொல்கிறது. இறங்கிய நேரம் அவர்களுக்கு எங்களுக்கு முன்பே தெரியும். ஆனால் பணம் என்று வந்தால் மட்டும் காகிதம் வேண்டும், அதுவும் ஒரிஜினல் வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு பிஓடி கூரியரில் தொலைந்துவிட்டது. டிரைவர் எடுத்தனுப்பிய ஃபோட்டோ இருந்தது, சீல் தெளிவாக இருந்தது. வாங்கியவர் சரக்குக்குக் காசையும் கொடுத்து, அடுத்த லோடுக்கு ஆர்டரும் போட்டு, அந்த லோடையும் நாங்களே ஏற்றி அனுப்பியாயிற்று. அப்புறமும் கம்பெனிக் கணக்காளர், "மேடம், ஒரிஜினல் வரட்டும், பார்க்கலாம்" என்றார். கடைசியில் முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதிக் கொடுத்து, வாங்கியவரிடம் தனிக் கடிதம் வாங்கி அனுப்பிய பிறகு நாட்களை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள்.

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது, அதுதான் வேடிக்கை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். அந்த நாட்களை எப்போதிலிருந்து எண்ணுவது என்றும் சட்டமே சொல்கிறது: சேவை முடிந்த நாளிலிருந்து. குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். ஒரிஜினல் தாள் மேசைக்கு வந்த நாள் என்று அதில் எங்கும் இல்லை. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி வேறு. எங்கள் தெருவில் இந்த வட்டியை வாங்கியவர் யாரையும் எனக்குத் தெரியாது.

2024 ஏப்ரலில் 43பி (எச்) என்ற எண்ணில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதி ஒன்று உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய நாளுக்குள் பணம் தராவிட்டால், கொடுக்கும் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது. பெரிய மாற்றம் வரும் என்றார்கள். என் அனுபவத்தில் அது மார்ச் மாதத்துக்கு மட்டுமான விதி. காரணம் எளிது. ஜூன் மாதப் பில்லை மார்ச்சில் கொடுத்தாலும் அதே நிதியாண்டுக்குள் வந்துவிடுவதால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதனால் மார்ச் கடைசி வாரத்தில் மட்டும் அவர்களே ஃபோன் செய்து வங்கி விவரம் கேட்பார்கள். ஏப்ரல் பிறந்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

புகார் செய்ய அரசு இணையதளம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இன்று புகார் போட்டால் நாளை லோடு இல்லை. எங்கள் தொழிலில் உள்ளவர்களையும் சொல்ல வேண்டும்: நாங்கள் தொண்ணூறு நாளுக்கு மேல் முடியாது என்று சொன்ன லோடை, நூற்றிருபது நாளுக்குச் சரி என்று எடுத்துப்போன ஆபீஸ் எங்களுக்கு அடுத்த தெருவிலேயே இருக்கிறது. யாரைக் குறை சொல்வது? வண்டிக்காரர் சங்கம் வாடகைக்காக ஒன்றுகூடுகிறது. புக்கிங் ஆபீஸ்காரர்கள் கல்யாணத்தில் மட்டும்தான் ஒன்றுகூடுகிறோம்.

இன்னும் ஒன்று. தார்ப்பாய், டயர் விற்பவர்களை அரசு வியாபாரி என்று வகைப்படுத்துகிறது. 2021 முதல் அவர்களும் உத்யமில் பதியலாம், ஆனால் வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டும். இந்த 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. ஆகவே எங்களுக்குப் பணம் நேரத்தில் வந்தால்தான் அவர்களுக்கும் வரும், அவர்களுக்கென்று வேறு வழி இல்லை.

கம்பெனிகள் ஒரிஜினல் கேட்பதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். போலி சீல் வைத்துச் சரக்கை வழியில் விற்றவர்கள் உண்டு. இரண்டு மூட்டை குறைவு, நான்கு மூட்டை நனைந்தது என்று தாளின் ஓரத்தில் எழுதியிருப்பதை மறைத்து ஃபோட்டோ எடுத்து அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கு வழி இல்லாமலா இருக்கிறது? காஸ் சிலிண்டர் இறக்கவே வாடிக்கையாளர் ஃபோனுக்கு எண் வருகிறது. பல லட்சம் ரூபாய்ச் சரக்கை இறக்கும்போது வாங்குபவருக்கு அதேபோல ஓர் எண் அனுப்பி, தாளின் இரண்டு பக்கத்தையும் அங்கேயே படம் எடுத்து ஏற்றினால் போதும். மின்னணு ஆவணம் செல்லும் என்று 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே சொல்கிறது. ஒரிஜினல் பின்னால் வரட்டும், குறை மூட்டை இருந்தால் அதற்கான தொகையைப் பிடித்துக்கொள்ளட்டும். முழு வாடகையையும் ஏன் நிறுத்த வேண்டும்?

ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாயைத் தாண்டும் கம்பெனிகள் ட்ரெட்ஸ் என்ற பில் தள்ளுபடித் தளத்தில் 2025 மார்ச்சுக்குள் சேர வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. நல்ல திட்டம். கம்பெனி பில்லை ஏற்றுக்கொண்டால் அடுத்த ஓரிரு நாளில் ஏதாவது ஒரு வங்கி எங்களுக்குப் பணம் தந்துவிடும். ஆனால் ஏற்றுக்கொள்ள ஒரிஜினல் பிஓடி வேண்டுமாம். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம்.

நான் கேட்பது மூன்று. முதலில், தமிழக அரசு நிறுவனங்களும் கூட்டுறவு அமைப்புகளும் தங்கள் சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தங்களில் மின்னணு பிஓடியை ஏற்று, இறக்கிய நாளிலிருந்து நாட்களை எண்ணட்டும். அரசு செய்தால் தனியார் கம்பெனிகளிடம் காட்டிக் கேட்க எங்களுக்கு ஒரு முன்மாதிரி கிடைக்கும். இரண்டாவது, இ-வே பில் தளத்திலேயே சரக்கு இறங்கியதை வாங்குபவர் உறுதி செய்ய ஒரு வழி வைத்து, அந்தத் தேதியையே பில் தேதியாக எடுக்கச் செய்யட்டும். மூன்றாவது, புகார் கொடுப்பவர் யார் என்று தெரியாத வகையில், ஒரு பகுதியின் பல ஆபீஸ்கள் சேர்ந்து சங்கத்தின் பெயரில் தாமதப் புகார் தர வழி வேண்டும்.

என் பெயரையும் ஆபீஸ் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மாத முதல் வாரம், நான்கு கம்பெனிகளிலிருந்து பணம் வர வேண்டியிருக்கிறது. அவர்கள் ஆபீஸ்களிலும் உங்கள் பத்திரிகை வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
லாரி புக்கிங் ஆபீஸ் கணக்குப் பார்ப்பவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.