பாரி சவுண்டில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள மகன்,

வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் கடிதம். சாப்பிட்டுவிட்டு, ஆறுதலாக இருந்து வாசி. இங்கே எல்லாரும் சுகம். அக்காவின் மூத்தவன் இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எடுக்கிறான். பின்வளவு மாமரம் பூத்ததோடு சரி. பெரிய மாமாவின் காணி விஷயம் நீ போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே கிடக்கிறது. புதினம் அவ்வளவுதான்.

நீ வீடு மாறினதை அக்காதான் சொன்னாள். அவளுக்கும் நீ முந்தி இருந்த ஸ்காபரோவில் இருந்து யாரோ சொல்லித்தான் தெரியும். உன்னிடம் கேட்டதற்கு, "பாரி சவுண்ட், இங்க வேலை, நல்ல இடம்" என்று ஒரு வரி வந்தது. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது, அதில் குறை இல்லை. முந்தியெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் மருமகள் சின்னவளின் படம் அனுப்புவாள். இப்போது அதையும் காணவில்லை. அந்தப் பக்கம் சிக்னல் குறைவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தில் தேடிப் பார்த்தேன். டொரன்டோவுக்கு வடக்கே 200 கிலோமீட்டருக்கு மேல், ஹியூரன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவில், கிழக்குக் கரையில் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, "பாரி வள்ளலின் பேரிலயா ஊர் வெச்சிருக்கான்கள்?" என்று கேட்டார். பாரி யாரென்று பிறகு சொல்கிறேன். எனக்கு மனம் போனது மற்றச் சொல்லில். இவ்வளவு காலம் இங்கிலீஷ் படிப்பித்தவள், ஓர் ஊருக்கு ஏன் 'சத்தம்' என்று பெயர் வைத்தார்கள் என்று யாரும் கேட்டால் விழிக்கக் கூடாது. அப்பா கொழும்பில் வாங்கி வந்த அந்தப் பெரிய அகராதியை எடுத்தேன். சுனாமி வந்த அந்த மார்கழியில் நனைந்து வீங்கி, நீ தாள் தாளாகப் பிரித்து வெயிலில் காயவைத்தாயே, அதுதான். எஸ் எழுத்துப் பக்கங்கள் நன்றாகவே இருக்கின்றன.

சவுண்ட் என்பது ஒரு சொல் இல்லை, மகன். வெவ்வேறு வீட்டில் பிறந்த சொற்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கின்றன. அகராதியிலும் தனித்தனியாக இலக்கம் போட்டுத்தான் வைத்திருக்கிறது. உன் ஊரின் சவுண்டுக்கும் சத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பழைய இங்கிலீஷிலும் வடக்கே நோர்ஸ் மொழியிலும் 'சுந்த்' என்றால் நீந்துதல். இரண்டு கரைக்கு நடுவே ஒடுங்கிப் போகும் நீருக்கும் நோர்ஸ்காரர் அந்தப் பெயரையே வைத்தார்கள். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவில் இருக்கும் ஓரெசுந்த் என்ற நீரிணையில் அதே சொல் இன்னும் இருக்கிறது. ஸ்விம் என்ற சொல்லும் இந்தச் சொல்லுக்கு உறவு. இன்னொன்று கேள். மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைக்கும் இங்கிலீஷ் மீன்காரர் சவுண்ட் என்றே சொன்னார்கள். அது நீந்தும் சுந்தில் இருந்து வந்த பெயர். கெளுத்தியைத் தூண்டிலில் இழுத்தால் கர்கர் என்று கத்தும், நீ பயந்து தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடுவாய். கெளுத்திக்கு அந்தச் சத்தத்தை முழங்க வைப்பதும் இந்தக் காற்றுப்பைதான். இதை வாசித்த அன்று உன்னிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். நீ எடுக்கவில்லை. வேலையில் இருந்திருப்பாய்.

நீந்துவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே மாரியில் ஏரி உறைந்துவிடும், சனங்கள் அதன்மேல் நடந்துபோய் மீன் பிடிப்பார்கள் என்று அக்காவின் மகன் படம் காட்டினான். நீ அந்த ஐஸின்மேல் இறங்காதே. யார் கூப்பிட்டாலும் இறங்காதே. சப்பாத்து நல்லதாக வாங்கு. மருமகளுக்கும் ஸ்காபரோ குளிருக்கு வாங்கின உடுப்பு அந்த இடத்துக்குக் காணாது. அவளும் அங்கேதானே வேலை தேட வேண்டும். சின்னவளுக்குப் பள்ளிக்கூடம் பக்கமா, பஸ்ஸா?

மறுகா, பாரி. வட துருவத்துக் கடலில் வழி தேடிப் போன வில்லியம் எட்வர்ட் பாரி என்ற கப்பல்காரரின் பெயர் அது. வைத்தவர் ஹென்றி பேஃபீல்ட் என்ற கடற்படை அதிகாரி. அந்தப் பெரிய ஏரிகளை அளந்து வரைபடம் கீறினவர். ஆழம் அளப்பதற்கும் இங்கிலீஷில் சவுண்ட் என்றுதான் சொல்வார்கள். ஆழம் அளந்து திரிந்தவர் வைத்த ஊர்ப்பெயரிலும் சவுண்ட் வந்து நிற்கிறது. அளக்கும் சவுண்ட் பிரெஞ்சு வழியாக வந்தது. அவர்கள் 'சொந்தே' என்பார்கள். அதுவும் ஆதியில் அந்த நீந்தும் சுந்தில் இருந்தே போயிருக்கலாம் என்பது ஒரு கருத்து. பழைய இங்கிலீஷில் ஆழம் பார்க்கும் கோலுக்கு 'சுந்த்கியேர்ட்' என்று ஒரு பெயர் இருந்தது.

இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. அப்பா தோணியில் போகும்போது கோலைக் குத்திப் பார்த்துத்தானே வலை போடுவார். கோல் எட்டாத இடத்தில் கயிறு விட்டு, பாகம் பாகமாக எண்ணுவார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். இங்கிலீஷ்காரரின் ஃபாதமும் அதேதான், ஆறு அடி. அந்தச் சொல்லின் பழைய பொருள் கை விரித்து அணைப்பது. எந்த ஊரிலும் கடலுக்குள் போகிறவர்கள் ஆழத்தைத் தங்கள் உடம்பால்தான் அளந்திருக்கிறார்கள். அவர்களின் ஈயக்குண்டுக்கு அடியில் ஒரு குழி இருக்கும். அதற்குள் கொழுப்பைத் தடவி இறக்குவார்கள். மேலே இழுக்கும்போது அடியில் இருந்த மணலோ, சேறோ, சிப்பியோ ஒட்டிக்கொண்டு வரும். எவ்வளவு ஆழம் என்பதோடு, அடியில் என்ன கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். நம்முடைய மட்டக்களப்பையே எடு. களப்பென்றால் வாவி. மட்டமான களப்பு என்றும், வந்தவர்கள் களப்பின் மட்டை, அதாவது எல்லையைக் கண்ட இடம் என்றும் சொல்லுவார்கள். எப்படிப் பார்த்தாலும் அளந்து வைத்த பெயர்தான்.

ஒருவரின் மனதில் இருப்பதை நேரே கேட்காமல், சுற்றி வளைத்து விசாரிப்பதற்கும் இங்கிலீஷில் சவுண்ட் அவுட் என்பார்கள். இந்தக் கடிதம் அதற்குத்தான் என்று நீ இந்நேரம் பிடித்திருப்பாய். நீ கெட்டிக்காரன். இங்கிலீஷில் என்னைத் திருத்தினவன். கல்லடிப் புதுப் பாலம் கட்டும்போது பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் நின்று, தூண் இறக்குகிறதைப் பார்த்துப் பார்த்து, எஞ்சினியர் ஆவேன் என்றாய். 2013இல் பாலம் திறந்தார்கள். நீயும் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டாய். அந்தக் கிழமை முழுக்க அப்பா பழைய பாலத்தால் சைக்கிளில் போய்ப் போய் வந்தார். ஊரில் யாரைக் கண்டாலும் 'என்ட மகன்' என்றார். 1924இல் கட்டின அந்த இரும்புப் பாலம் அவரை எத்தனை தரம் சுமந்ததோ. அப்படி வளர்த்த பிள்ளை ஒரு வரியில் பதில் எழுதுகிறது. சரி, விடு. சாப்பிடுகிறாயா? அரிசிச் சோறு அங்கே கிடைக்கிறதா? யார் சமைக்கிறார்கள்?

இப்போது சத்தம் என்ற சவுண்டுக்கு வருகிறேன். லத்தீனில் 'சோனுஸ்'. பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குள் வந்தபோது 'சூன்' என்றுதான் இருந்தது. கடைசியில் ட் இல்லை. நாவுக்கு ன் சொன்ன கையோடு ட் சொல்வது சுகமாக இருந்ததால் அது பின்னாலே வந்து ஒட்டிக்கொண்டது. இடிக்குச் சொல்கிற தண்டருக்குள் இருக்கும் ட'வும் அப்படி நுழைந்ததுதான். பழைய இங்கிலீஷில் அது 'துனொர்'. பிள்ளைகளுக்கு இதை வகுப்பில் சொன்னால் எவ்வளவு ஆசையாகக் கேட்பார்கள் தெரியுமா? பிழையாகச் சொன்னதே நாளடைவில் சரியாகிப் போன எழுத்து.

சத்தம் என்றால் நம்முடைய வாவிக்குள் நிலவில் கேட்கும் பாட்டைச் சொல்லாமல் எப்படி? 1848இல் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இங்கே வந்து, நிலவில் தோணி ஏறிப் போய் அந்தப் பாட்டைக் கேட்டார். தோணிப் பலகையில் காதை வைத்தபோது இன்னும் பலமாகக் கேட்டது என்று எழுதி வைத்திருக்கிறார். அவரைக் கூட்டிப்போன மீன்காரர் அது மீன் இல்லை, ஊரி என்ற நீர் நத்தை என்றார்கள். ஊரி என்ற நம்முடைய சொல்லை அவர் இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோசம். மீனா ஊரியா என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். நீ சின்னதில் அப்பாவோடு போய், சவள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணிக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு வந்து, "தம்புரா மாதிரி இருக்கு அம்மா" என்றாய். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இப்போது உன் குரல் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எழுத்தில் எல்லாருக்கும் ஒரே குரல்தான், மகன். 'நல்லா இருக்கன்' என்று நீ எழுதினாலும் மருமகள் எழுதினாலும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அவள் எழுதவில்லை, அது வேறு.

மிச்சம் இருக்கிற சவுண்ட்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. பழைய இங்கிலீஷில் 'யெசுந்த்' என்றால் சுகமாய், முழுமையாய் இருப்பது. முன்னால் இருந்த யெ தேய்ந்து போய், சுந்த் நின்று, சவுண்ட் ஆனது. ஜெர்மன்காரர் இன்றும் கெசுந்த் என்கிறார்கள். யாராவது தும்மினால் அவர்கள் சொல்லும் 'கெசுந்தைட்' அதுதான், சுகம் உண்டாகட்டும் என்று. சேஃப் அண்ட் சவுண்ட் என்கிற சவுண்ட் இது. வயலை உன் பேருக்கு எழுதும்போது நொத்தாரிசு வாசித்த 'சவுண்ட் மைண்ட்' என்பதும் இது. படுவான்கரை வயல் உனக்குத்தான், அதில் மாற்றம் இல்லை. யாரிடமும் அதைப் பற்றி நீ கதைக்கத் தேவையில்லை.

சவுண்ட் ஸ்லீப் என்றும் சொல்கிறோம். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். 2004க்குப் பிறகு ஊறணியில் அம்மம்மா வீட்டில் இருந்தபோதும், கடற்சத்தம் வருகிறது என்று நீ ராவில் எழும்பி இருப்பாய். அங்கே கடற்சத்தம் கேட்காது என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடப்பார். திரும்பிக் கல்லடிக்கு வந்த பிறகும், ஜன்னலைப் பூட்டினால்தான் படுப்பாய். ஸ்காபரோவில் உன் மாடி வீட்டைக் காட்டினபோது, "இங்கிருந்து தண்ணியே தெரியாது அம்மா" என்று சந்தோசமாகச் சொன்னாய். இப்போது தண்ணிக்கரையிலேயே போய் இருக்கிறாய். பயம் போய்விட்டதென்றால் என்னைவிடச் சந்தோசப்பட ஆள் இல்லை. வேறு ஏதும் காரணத்தால் அங்கே போய் இருக்க வேண்டி வந்ததென்றால், அதையும் எனக்குச் சொல்லலாம். நான் கேட்டு அழுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். சண்டை சச்சரவு இல்லாத வீடு இல்லை. அப்பாவும் நானும் எத்தனை நாள் கதைக்காமல் இருந்திருக்கிறோம் என்று அக்காவிடம் கேள். நித்திரை வருகிறதா உனக்கு? அதை மட்டுமாவது சொல்லு.

ஐஸின்மேல் இறங்காதே. ராவில் கார் ஓட்டாதே, ஸ்னோ கொட்டினால் வேலைக்கே போகாதே, லீவு போடு.

வாற மாதம் அக்காவின் மச்சாள் டொரன்டோவுக்கு வருகிறாள். சுங்கான் கருவாடும் மரமுந்திரிகைப் பருப்பும் சிவப்பரிசி மாவும் கட்டுகிறேன். தபாலில் அனுப்புவாளோ, நீ போய் எடுப்பாயோ தெரியாது. எத்தனை பேருக்குக் கட்ட என்று சொல்லு, அதைப் பார்த்துத்தான் மா இடிக்க வேண்டும். சின்னவளுக்கு ஒரு சட்டையும் எடுக்க ஆசை. போன வருஷத்து அளவுக்கு எடுத்தால் காணாது, பிள்ளை வளர்ந்திருக்கும். என்ன அளவென்று அவளின் அம்மாவிடம் கேள். கேட்டுவிட்டு எழுதி அனுப்பாதே. உனக்கு ராச்சாப்பாடு முடிகிற நேரம் எனக்கு விடியல், நான் எழும்பித்தான் இருப்பேன். கோல் எடுத்துச் சொல்லு.

அம்மா
கல்லடி உப்போடை