வாய்க்காலுக்கு மேற்கால இருக்கறதும் பாண்டிச்சேரிதான்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஏப்ரல் 18 உலக பாரம்பரிய தினத்துக்கு நம்ம பேப்பர்ல ஒரு பக்கம் முழுக்க படம் போட்டிருந்தீங்க, சந்தோஷம். ஆனா அத்தனை படமும், ஊர பிரெஞ்சு பக்கம் தமிழ் பக்கம்னு பிரிக்கற பெரிய வாய்க்காலுக்கு கிழக்கால எடுத்தது. மஞ்ச சுவரு, வெள்ளை பார்டர், காகிதப்பூ கொடி. மேற்கால இருக்கற தமிழ் வீடு ஒண்ணு கூட இல்ல. உங்கள மட்டும் சொல்லல, டூரிசம் போஸ்டர், ரீல்ஸ், கல்யாண போட்டோஷூட் எல்லாத்துலயும் இதேதான், அதனால பாண்டிச்சேரி பாரம்பரியம்னாலே பிரெஞ்சுக்காரன் கட்டினதுன்னு வெளியூர்க்காரங்க நெனைக்கறது போக நம்ம பிள்ளைங்களே அப்படி நெனைக்க ஆரம்பிச்சிட்டாங்க. அந்த நெனப்புலதான் எங்க பக்கத்து வீடுங்க ஒண்ணொண்ணா போயிட்டிருக்கு.

வைசியாள் வீதி, ஈஸ்வரன் கோயில் வீதி, பெருமாள் கோயில் வீதி பக்கம் நடந்து பாருங்க. தெருவோரமா மரத்தூண் நிறுத்தி ஓடு வேய்ஞ்ச தாழ்வாரம், அதுக்குள்ள திண்ணை, நிலைக்கதவு தாண்டினா முற்றம். தாழ்வாரத்த வீட்டுக்காரன் தனக்காக மட்டும் கட்டல, வெயில்ல மழையில தெருவுல போறவன் ஒதுங்கறதுக்கும் சேத்துதான் கட்டினான். ஒரு வீட்டு தாழ்வாரம் முடியற இடத்துல அடுத்த வீட்டுது ஆரம்பிக்கும், வரிசையா நிழல் போயிட்டே இருக்கும். நடுவுல ஒரே ஒரு வீட்ட இடிச்சு கார் பார்க்கிங்கோட நாலு மாடி எழுப்பினா போச்சு, அந்த வரிசையே அறுந்துடும். அதனாலதான் ஒரு வீட்ட காப்பாத்தறது பத்தாது, தெருவையே காப்பாத்தணும்னு சொல்றேன்.

இந்த வீடுங்க சுத்தத் தமிழ் பாணியும் இல்ல. 1761ல இங்கிலீஷ்காரன் ஊர்ல பெரும்பகுதிய தரைமட்டம் பண்ணினதுக்கு அப்புறம் திரும்ப எழும்பின ஊரு இது. கீழ மரத்தூணும் திண்ணையும், மாடியில பிரெஞ்சு ஜன்னலும் வளைவும்னு ரெண்டும் கலந்து நம்ம ஊரு கொத்தனாருங்க கட்டின வீடு எத்தனையோ இருக்கு. பெரிய மார்க்கெட் பக்கத்துல, அந்தக் காலத்துல நாட்குறிப்பு எழுதின ஆனந்தரங்கப் பிள்ளையோட மாளிகை அப்படித்தான், 1738ல கட்டினதுன்னு சொல்வாங்க, கீழ நம்ம பாணி மரத்தூண், மேல வெள்ளைக்காரன் பாணி தூண். இந்த கலப்பு வேற எந்த ஊர்ல இவ்வளவு இருக்கு?

போன வருஷம் எங்க தெருவுல ஒரு வீட்ட இடிச்சாங்க. கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்து மேல கட்டை பரப்பி, அதுக்கு மேல சின்ன செங்கல்ல நிமித்தி வெச்சு கோணவாக்குல சுண்ணாம்பு போட்டு ஒட்டி, மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடிச்சு, கடைசியா தட்டோடு பதிச்சது. இரும்புக்கம்பியே கிடையாது. கடப்பாரைக்கு லேசுல வரல, ரெண்டு நாள் ஆச்சு. உத்திரத்த அறுத்தப்ப உள்ள மரம் பளபளன்னு புதுசா இருந்துச்சு, அந்த வாசனை தெரு முழுக்க வந்துச்சு. தூணும் நிலைக்கதவும் பழைய மரச்சாமான் வியாபாரி லாரியில போச்சு, ஏதாவது ரிசார்ட் வாசல்ல போய் நிக்கும். இத்தனைக்கும் அந்த வீடு 'தானே' புயலும் பாத்திருக்கு, 'ஃபெஞ்சல்' புயலும் பாத்திருக்கு.

வீட்டுக்காரங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன். என் சித்தப்பா வீட்டையே சொல்றேன். நாலு பங்கு, ஒருத்தர் பாரிஸ்ல, ஒருத்தர் சென்னையில, இங்க இருக்கறது சித்தப்பாவும் சித்தியும் மட்டும். கூரை ஒழுகுது. ரிப்பேருக்கு லோன் கேட்டா பேங்க்ல மனைக்குத்தான் மதிப்பு, கட்டடத்துக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார தேடிப் பிடிக்கறதுக்குள்ள மழைக்காலம் வந்துடுது, வேற வழி இல்லாம சிமெண்ட் பூசறாங்க. அங்கதான் கெடுதல் ஆரம்பிக்குது. பழைய செங்கல் சுவர்ல ஏறுற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியா வெளிய போயிடும், சிமெண்ட் போட்டா உள்ளயே நிக்கும், நம்ம ஊரு உப்புக்காத்து வேற, பூச்சுக்கு பின்னாடி செங்கல் மாவா உதிரும். நாலஞ்சு வருஷம் கழிச்சு பாத்துட்டு பழைய வீடு தாங்காதுன்னு சொல்லிடறாங்க, அதே நேரம் பாத்து ஃபிளாட் கட்டறவர் வந்து நிக்கறார்.

பழைய தெருவ காப்பாத்தறது நடக்காத காரியம் ஒண்ணும் இல்ல. இதே வைசியாள் வீதியில 2000களோட ஆரம்பத்துல ஐரோப்பிய யூனியன் ஆசிய நகரங்களுக்கு உதவற ஆசியா அர்ப்ஸ் திட்டத்துல, பாரம்பரியக் கட்டடங்கள காப்பாத்தற இன்டாக் அமைப்பு முன்ன நின்னு, வீட்டுக்காரங்களையும் சேத்துக்கிட்டு முகப்பெல்லாம் சரி பண்ணாங்க, தாழ்வாரம் திரும்ப வந்துச்சு, 2008ல யுனெஸ்கோ விருதே கெடச்சுது. அதுக்கப்புறம் அது மாதிரி அடுத்த தெரு, அதுக்கடுத்த தெருன்னு போயிருக்க வேணாமா? இன்னொரு பக்கம் பீச் ரோட்டுல இருக்கற மேரி கட்டடத்த, அதாவது பிரெஞ்சுக்காரன் காலத்து நகராட்சி கட்டடத்த பாருங்க, சரி பண்ணலாம் பண்ணலாம்னு இழுத்து 2014 நவம்பர் மழையில சரிஞ்சு விழுந்துச்சு, அப்புறம் உலக வங்கி பணத்துல அதே மாதிரி புதுசா கட்டி 2021ல தெறந்தாங்க. அரசாங்க கட்டடம், அதனால திரும்ப எழும்புச்சு. எங்க சித்தப்பா வீடு விழுந்தா யார் கட்டித் தருவா?

பாரம்பரிய லிஸ்ட்ல பேரு ஏத்தி இடிக்காதேன்னு சொன்னா மட்டும் வீடு நிக்காது ஐயா. ஊருக்கே அழகுன்னு சொல்ற ஒரு பொருளோட செலவு முழுக்க ஒரு வயசான ஆள் தலையில வெக்கறது நியாயம் இல்ல. வீட்டு வரியில கழிவு குடுங்க, பழைய வீட்டு ரிப்பேருக்குன்னு குறைஞ்ச வட்டியில லோன் குடுங்க, ஐடிஐ பசங்களுக்கு சுண்ணாம்பு வேலையும் ஓட்டு வேலையும் கத்துக்குடுங்க, அவங்களுக்கும் பொழப்பு ஆகும். நகராட்சி இத செய்யற வரைக்கும் ஒண்ணே ஒண்ணாவது செய்யட்டும், வர்ற ஐப்பசி மழைக்கு முன்னாடி பழைய கட்டடம் தெரிஞ்ச எஞ்சினியர் ஒருத்தர அனுப்பி தெரு தெருவா கூரைய பாத்து, எந்த உத்திரத்த மாத்தணும், எங்க தண்ணி இறங்குதுன்னு வீட்டுக்காரங்களுக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
வைசியாள் வீதி பக்கத்து வாசகர் ஒருத்தர்,
புதுச்சேரி.