'அதே சமயத்தில்' என்ற ஒரு சொல்: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்குநர் ஆடம் கர்டிஸின் 'ஹைப்பர்நார்மலைசேஷன்' படத்தை ராத்திரி ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, "மாமா, உலகம் ஏன் இப்படி இருக்குன்னு புரிஞ்சிருச்சு" என்று காலையில் எழுதியிருந்தாய். எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். பிபிசி கிடங்கில் கிடக்கும் பழைய படச்சுருள்களுக்கு அவரைப் போல உயிர் கொடுப்பவர்கள் குறைவு. ஆனாலும் 'புரிஞ்சிருச்சு' என்ற சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று மறுபடி உட்கார்ந்தேன்.

இந்த முறை திரையைப் பார்க்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் பேசுவதை மட்டும் கேட்டு நோட்டில் எழுதினேன். கதை 1975-இல் இரண்டு நகரங்களில் ஆரம்பிக்கிறது. நியூயார்க் திவாலாகும் நிலை; நகரத்தின் கடன் பத்திரங்களை வாங்க வங்கிகள் வரவில்லை. அங்கே டமாஸ்கஸில், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸிங்கர் தன்னை ஏமாற்றிவிட்டதாக சிரியாவின் அதிபர் ஹாஃபிஸ் அல் அசாத் கொதிக்கிறார். இரண்டும் நடந்தவைதான். சரி, இரண்டையும் சேர்த்துக் கட்டுவது எது? நோட்டில் தேடினால் 'அதே சமயத்தில்' என்பதுதான் கிடைத்தது. ஒரே வருடத்தில் நடந்தன என்பதற்கும், ஒரே காரணத்தால் நடந்தன என்பதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. பார்க்கும்போது அது தெரியாது. இசையும், ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வெட்டும் நம்மைத் தூக்கி அக்கரையில் விட்டுவிடுகின்றன. தயங்காத அந்தக் குரல் வேறு.

வசியமே கூடாது என்று சொல்லவில்லை. எரோல் மோரிஸின் 'தி தின் புளூ லைன்' (1988) ஆவணப்படத்தைப் பார்த்திருப்பாய். 1976-இல் டல்லாஸில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கு. ஃபிலிப் கிளாஸின் இசை அதிலும் ஆளை இழுக்கும். ஆனால் கொலையை ஒரே மாதிரி நடிக்க வைத்து முடித்துவிடவில்லை. ஆளுக்கு ஆள் சொல்வது மாற மாற, காட்சியும் மாறி மாறி வருகிறது. கூட இருந்த பெண் போலீஸின் மில்க்‌ஷேக் காற்றில் மெதுவாகப் பறந்து சாலையில் சிதறுமே, அதைப் பார்த்ததும் அவர் காருக்கு உள்ளே இருந்தாரா, வெளியே நின்றாரா என்று நாமே கணக்குப் போடத் தொடங்குகிறோம். செய்யாத கொலைக்கு 12 வருடம் உள்ளே கிடந்த ராண்டல் ஆடம்ஸ் 1989-இல் வெளியே வந்ததில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம், நீ எடுக்கும் ஏரிப் படம். நீ அனுப்பிய எடிட்டில் மணல் லாரி போகிறது. அடுத்த வெட்டில் வறண்ட கிணறு. பார்த்ததும் வயிற்றில் அடித்தது போல இருந்தது. ஆனால் "எப்பயிருந்து தண்ணி இல்லை?" என்று கிணற்றுக்காரரிடம் நீ கேட்டபோது நானும் பக்கத்தில்தானே நின்றேன். லாரிகள் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே வற்றிவிட்டது என்றார். அந்தப் பதில் எங்கே? அதைத் திரும்பச் சேர்த்துவிட்டு அனுப்பு. வேகம் குறைந்தால் குறையட்டும்.

அன்புடன்,
மாமா